அரசாங்க உருண்டை உருளாது

சுதந்திரம் வருகிறது, இதோ வந்துவிட்டது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. சுதந்திரம் வந்து சேருவதற்குள், காஜா பேராங்கில் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது.

பெட்டி என்றால் ஏதோ பிஸ்கட் பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. தேக்கு மரம், பித்தளைப் பூட்டு, மூடியில் கிரீட முத்திரை. முன்னால் ஒரு கார். அதில் பாலர் பாட உபகரண மேற்பார்வைக் காரியாலயத்தின் துணை அதிகாரி சேதுபதி. பின்னால் ஒரு லாரி. அதில் பெட்டியும், பெட்டிக்குக் காவலாகப் பியூன் தம்பிராஜாவும். காரியாலயத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மத்தியான மணி அடித்துவிடும் என்பதால் வாத்தியார்கள் அந்த இடத்தைச் ‘சாமான் ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் ரோஜா மாலையோடு காரைப் பார்த்து ஓடினார். சேதுபதி கையை உயர்த்தித் தடுத்தார்.

“முதல்ல பெட்டிக்கு.”

பெட்டிக்குக் கழுத்து எங்கே என்று மாணிக்கவாசகம் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பூட்டின் மேல் மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சேதுபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“மாணவச் செல்வங்களே! உலகத்தில் உள்ள உருவங்கள் இரண்டே வகை. ஒன்று தட்டை உருவம். இன்னொன்று கன உருவம். தட்டை உருவத்தைத் தொடலாம். கன உருவத்தைத் தொடக் கூடாது. ஏன்? தட்டை உருவம் தகரம். இங்கே தெங்கேராவில் வெட்டியது. கன உருவம் தேக்கு. பர்மாவில் வெட்டி, இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஆறு மாதம் தங்கி, கப்பலில் திரும்பி வந்தது. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான். இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்!”

மாணிக்கவாசகம் கைதட்டினார். தம்பிராஜா கைதட்டினார். பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டியிருந்ததால் தட்ட முடியவில்லை.

முதலாம் வகுப்பின் ஆசிரியை சந்திரமதி. புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகும் விதியிலிருந்து எப்படியோ படித்துத் தப்பி வந்தவள். பல வருஷங்களாகத் தற்காலிக ஆசிரியை. தற்காலிகமாக இருப்பவர்களை இந்த வருஷம் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் நீக்கிவிட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நிரந்தரம் என்றால் இந்தக் கரும்பலகை. நீக்கம் என்றால் மறுபடியும் தோட்டம், பால் மரம் வெட்டும் உளிக்கத்தி. இரண்டில் எது என்று கையெழுத்துப் போடுகிறவர் சேதுபதி. எனவே பெட்டியை அவள் அம்மன் சிலையைப் பார்ப்பதுபோலப் பயபக்தியோடு பார்த்தாள்.

மறுநாள் பாடம். மாணிக்கவாசகம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். சந்திரமதி ஒரு கைக்குட்டையால் ஒவ்வொரு உருவமாக எடுத்து மேசைமேல் வைத்தாள். கனசதுரம் வந்தது. உருளை வந்தது. கூம்பு வந்தது. கடைசியில் உருண்டை வந்தது. பந்து அளவு, பளபளவென்று மெருகு. உருண்டு விழுந்துவிடப் போகிறதே என்று பதறி இரண்டு கையாலும் அணை கட்டினாள். அது அசையவில்லை. வைத்த இடத்தில் அமைச்சர் மாதிரி உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் ரொட்டியை அறுத்தாற்போல் சீவப்பட்டிருந்தது.

பெட்டியோடு வந்த கையேட்டைப் பிரித்தாள். அதில் இப்படி இருந்தது: ‘உருண்டை. எல்லாப் பக்கமும் வளைந்தது. அடிப்பக்கம் தட்டை. வைத்த இடத்தில் இருக்கும். உருளாது. உருளை. இது நிற்கும். அரசாங்கச் சாமான் வேலை நேரத்தில் படுக்கக் கூடாது. கூம்பு. கூர்முனை மேலே பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அதிகாரிகளைப் பார்க்கக் கூடாது.’

சந்திரமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கப்பலில் வரும்போது உரசித் தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு நல்லெண்ணம். உருண்டை பழுதாக வந்திருக்கிறது, மாற்றித் தந்தால் நன்றி உடையவளாயிருப்பேன் என்று சாமான் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

“எதுக்கு லா இந்த வம்பு?” என்று மாணிக்கவாசகம் தலையில் கை வைத்தார். “தொறந்தோமா, காட்டினோமா, பூட்டினோமான்னு இருக்கக் கூடாதா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறீங்களே டீச்சர்!”

ஆபீசுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அங்கே சேதுபதி மேசைக்குப் பின்னால் இருந்தார். நெஞ்சும் வயிறும் தாராளமாக, இடுப்புக்குக் கீழே படிப்படியாகச் சிக்கனம் பிடித்துக் கால் விரலில் முடிகிற உடம்பு. அவருக்குப் பின்னால் இன்னும் பெரிய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது வெள்ளைக்காரத் துரையின் நாற்காலி. துரை கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க டீச்சர். வேணாம், நின்னுக்கிட்டே கேளுங்க” என்றார் சேதுபதி. “சாமான் பழுதுன்னு எழுதியிருக்கீங்க. அது பழுது இல்ல. உத்தரவு.”

“உத்தரவுங்களா ஐயா?”

“போன வருஷம் ஒரு உருண்டை துரை மேசையிலேர்ந்து உருண்டு அவரு கால் கட்டைவிரல்ல விழுந்துருச்சு. ஏற்கெனவே வாதம் புடிச்ச கால். அன்னிக்கே துரை சொல்லிட்டாரு, இனிமே எந்த உருண்டையும் உருளக் கூடாதுன்னு. எல்லா உருண்டையும் வரவழைச்சு அடிப்பக்கம் சீவினோம். நான்தான் நேர்ல நின்னு பாத்தேன். சீவின தூளைக்கூடப் பத்திரமா வச்சிருக்கோம்.”

“அப்போ அது உருண்டை இல்லியே ஐயா?”

சேதுபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். “டீச்சர், ஒரு சாமான் தன்னை என்னான்னு தானே முடிவு பண்ண முடியாது. நாங்க என்ன பேரு எழுதி ஒட்டுறோமோ அதுதான் அது. மனுசனும் அப்படித்தான். நீங்க தற்காலிகம்னு நாங்க ஒட்டியிருக்கோம், நீங்க தற்காலிகமா இருக்கீங்க. எத்தனை வருஷமா!”

“பிள்ளைங்க நாள் முழுக்கக் கோலி உருட்டுறாங்க ஐயா. அவங்ககிட்ட போயி…”

“அது வெளியில. வெளியில நடக்கிறதுக்கு ஆபீஸ் பொறுப்பில்ல.”

“துரைதான் ஊருக்குப் போகப்போறாரே ஐயா. சுதந்திரம் வந்தப்பறமாவது…”

இந்த இடத்தில் சேதுபதி எழுந்தே நின்றுவிட்டார். “துரை போவாரு. நாற்காலி போவாது. அதுல நம்மாளு ஒருத்தர் உக்காரணும். உக்கார்றவர் துரை போட்ட உத்தரவை ஒரு புள்ளி மாத்தாமக் காப்பாத்தணும். அதுக்குப் பேருதான் சுதந்திரம்!” நம்மாளு என்று சொன்னபோது அவருடைய கை தன்னையறியாமல் அந்த நாற்காலியின் முதுகைத் தடவிக்கொடுத்தது. “ஜூன் மாசம் நானே வந்து பிள்ளைங்களைக் கேப்பேன். உருளாதுன்னு சொன்னாங்கன்னா நீங்க நிரந்தரம். உருளும்னு சொன்னாங்கன்னா நீங்க தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். போயிட்டு வாங்க.”

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சந்திரமதி திரும்பி வந்து கையேட்டில் உள்ளபடியே சொல்லிக்கொடுத்தாள். “உருண்டை உருளாது” என்று அவள் சொல்ல, “உருண்டை உருளாது” என்று பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அடுத்த வாரம் சிரிக்காமல் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் கேட்காமலே சொன்னார்கள். மாணிக்கவாசகம் கண்கலங்கி, “இப்படித்தான் டீச்சர் இருக்கணும்” என்றார்.

அந்த வகுப்பில் விஜயா என்றொரு சிறுமி. கோலி ஆட்டத்தில் அவளை அடிக்க மூன்றாம் வகுப்பிலும் ஆள் கிடையாது. ஒருநாள் இடைவேளையில் அவள் தன் பச்சைக் கோலியைக் கொண்டுவந்து சந்திரமதியிடம் நீட்டினாள். முகம் வாடியிருந்தது.

“டீச்சர், இது கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுறவா?”

“ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?”

“இல்ல டீச்சர். உருளுது.”

சந்திரமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வயதுப் பிள்ளை தன் கண்ணையும் கையையும் விட்டுவிட்டுப் பெட்டியை நம்பத் தொடங்கிவிட்டாள். அதைச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை. வெட்கம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. சேதுபதிமேல், துரைமேல், துரையின் கட்டைவிரல்மேல், எல்லாவற்றையும்விடத் தன்மேல். “தூக்கிப் போடாதே. பத்திரமா வச்சுக்கோ” என்றாள். அன்று சாயங்காலம் நேராக முகைதீன் கடைக்குப் போனாள்.

“எலுமிச்சம்பழம், தேங்கா, காலிப் பால் டின்னு, சதுரமா ஒரு பிஸ்கட் டின்னு, கடலை மடிச்சுக் குடுப்பீங்களே கூம்பாட்டம், அது நாலு குடுங்க நானா.”

“என்ன டீச்சர், வீட்ல விசேஷமா?”

“பாடம்.”

“எலுமிச்சம்பழத்துல என்ன லா பாடம்?”

“உருளுற பாடம் நானா.”

முகைதீன் சாமான்களைக் கட்டிக் கொடுத்தார். கடலைப் பொட்டலங்களில் கடலையும் போட்டே கொடுத்தார். வெறுங்கூம்பைக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றுவது பாவம் என்பது அவர் கொள்கை.

மறுநாள் பெட்டி பூட்டியே இருந்தது. சந்திரமதி பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடி மணலுக்கு அழைத்துப் போய்ப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தாள். எலுமிச்சம்பழம் போன பக்கமெல்லாம் போயிற்று. பால் டின்னு சொன்ன பேச்சுக் கேட்டு நேராகப் போயிற்று. கடலைக் கூம்பு நேராகப் போக மாட்டேன் என்று வளைந்து, தன் மூக்கைத் தானே சுற்றிக்கொண்டு நின்றது. பிஸ்கட் டின்னு வழுக்கத்தான் செய்தது, உருள மறுத்தது. பிறகு ஒவ்வொன்றையும் ஈர மணலில் அழுத்திப் பார்த்தார்கள். பால் டின்னு எழுந்தபோது மணலில் வட்டம் கிடந்தது. பிஸ்கட் டின்னு எழுந்தபோது சதுரம் கிடந்தது.

“டீச்சர்! டின்னோட காலடி வட்டம்!” என்று விஜயா கத்தினாள்.

“அப்படித்தாம்மா. கன உருவம் மண்ணுல கால் வச்சா அதோட காலடி தட்டை உருவம்.”

தட்டையும் கனமும் தெங்கேராத் தகரத்துக்கும் பர்மாத் தேக்குக்கும் உள்ள வித்தியாசமில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்துபோயிற்று. கடலையும் தீர்ந்துபோயிற்று.

இது ஆபீசுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டாம். மாணிக்கவாசகம் இரண்டு மூன்று நாளாகச் சந்திரமதியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். தம்பிராஜா சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா, மேலேர்ந்து உத்தரவு” என்று ஒரு தாளைப் பிரித்துப் படித்தார். அனுமதி பெறாத கன உருவங்கள் பறிமுதல் செய்யப்படுகின்றன. எலுமிச்சம்பழத்துக்கும் தேங்காய்க்கும் டின்னுக்கும் தனித்தனியே சிவப்பு நாடா கட்டி, முத்திரை குத்தி, சைக்கிள் பின்னால் வைத்துக் கொண்டுபோனார்.

கொஞ்ச நாளில் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது: ‘தங்களிடமிருந்து கைப்பற்றிய மஞ்சள் நிறக் கன உருவங்கள் அலமாரியில் சுருங்கிவருகின்றன. அரசாங்கக் காவலில் உள்ள உருவங்கள் சுருங்கியதற்குத் தாங்கள் விளக்கம் அளிக்க வேண்டும்.’

சந்திரமதி ஒரே வரி எழுதினாள்: ‘ஐயா, அது பழம்.’

இந்தப் பதிலைச் சேதுபதி திமிர் என்று குறித்துக்கொண்டார். பிள்ளைகளும் சும்மா இல்லை. பறித்துக்கொண்டு போனார்கள் என்று தெரிந்ததும், மறுநாளிலிருந்து ஆளுக்கொரு உருண்டையோடு வந்தார்கள். கொய்யாக்காய், சுண்டைக்காய், நூல்கண்டு, கோலி. தம்பிராஜா இன்னும் இரண்டு தடவை வந்து அள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் தடவை, “ஆபீஸ்ல அலமாரி இல்ல டீச்சரம்மா” என்று சொல்லிவிட்டுக் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

இதற்கிடையில் துரை கப்பலேறினார். நாற்காலி சேதுபதிக்கே கிடைத்தது. அது அவருடைய திறமையால் கிடைத்தது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவர் காஜா பேராங் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். நாற்காலி கிடைத்தால் திருவிழாவன்று கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்வதாக நேர்த்தி. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி அவர் பங்கு.

நேர்த்திக்கடன் கேலிக்குரியதல்ல. அம்மன் முன்னால் உருளுகிறவன் எந்த நாற்காலியில் உட்காருகிறவன் என்று அவள் பார்ப்பதில்லை. ஆனால் காஜா பேராங்கில் திருவிழா என்றால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் கோயிலில்தான் இருப்பார்கள் என்பதைச் சேதுபதி யோசிக்கவில்லை. காலை வெயிலில் ஈர வேட்டியும் ஈர மேலுமாக அவர் மணலில் படுத்துக் கைகளைத் தலைக்கு மேலே கூப்பினார். தம்பிராஜா கால்மாட்டில் நின்றார். சேதுபதி உருள ஆரம்பித்தார்.

“அலாமாக்! துவான் பெசார் கோலெக்!” என்று கெபாயாச் சட்டை உடுத்திய, மலாய் பேசும் ஒரு மலாக்காச் செட்டிப் பெண், பெரிய துரையே உருள்கிறாரே என்று மலாயில் வியந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

முதலாம் வகுப்பு முழுக்க ஓரமாக வரிசையில் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குழாயடிப் பலகையைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்தார்கள்.

“உருளை” என்றான் ஒருவன்.

“உருளைன்னா நேராப் போவணும்” என்றாள் விஜயா. “இவரு வளையறாரு பாரு.”

வளையத்தான் செய்தார். தாராளமான மேல்பாதி வேகமாக முன்னே போக, சிக்கனமான கீழ்ப்பாதி பின்தங்கியது. மேளக்காரர் பக்கம் போக வேண்டியவர் மெல்ல மெல்லச் சாக்கடைப் பக்கம் திரும்பினார். “லோங்காங்! லோங்காங்!” என்று பிள்ளைகள் சாக்கடையைக் காட்டிக் கத்த, தம்பிராஜா ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து இழுத்து நேராக்கினார். அடுத்த மூலையில் மறுபடியும் அதே கதை.

“கூம்பு!” என்று வகுப்பு ஒருமனதாக முடிவு செய்தது.

“ஸ்ஸ்! சாமி காரியம்” என்று அடக்க வந்த சந்திரமதி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சேதுபதியின் முகம் மேலே வரும்போதெல்லாம் அந்த வரிசை தெரிந்தது. கீழே போகும்போது மணல் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பக்தி என்று ஊர் சொன்னது.

ஜூன் மாதம் பரிசோதனை நாள். சேதுபதி இப்போது பெரிய அதிகாரி. பெட்டி திறந்திருந்தது, உருண்டை மேசைமேல் அசையாமல் வீற்றிருந்தது. அதன் பக்கத்தில் சந்திரமதியை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகித் தயாராகக் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கவாசகத்தின் உதடுகள் ஏதோ மந்திரத்தை முணுமுணுத்தன.

சேதுபதி விஜயாவைப் பார்த்து விரலை நீட்டினார். “நீ சொல்லு. உருண்டை உருளுமா?”

விஜயா எழுந்து நின்றாள். “அரசாங்க உருண்டை உருளாது ஐயா.”

மாணிக்கவாசகத்துக்கு மூச்சு வந்தது. சேதுபதியின் முகம் மலர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். பாராட்டு என்று வந்தால் இன்னொரு கரண்டி கேட்கிறவர் அவர். “சபாஷ்! ஏன் உருளாது?”

“சீவிட்டாங்க ஐயா. சீவாதது எல்லாம் உருளும். எலுமிச்சம்பழம் உருளும். பால் டின்னு உருளும். நீங்களும் உருளுவீங்க ஐயா, கோயில்ல பாத்தோம்.”

“கூம்பாட்டம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது.

சேதுபதி பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு சந்திரமதியை அருகில் அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“டீச்சர், பேனா தொறந்துதான் இருக்கு. பிள்ளைங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கோயில்ல அவங்க பாத்தது உருள்றது இல்லன்னு. இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

“உருள்றது இல்லன்னா அது என்னங்க ஐயா?”

சேதுபதி யோசித்தார். இத்தனை வருஷ உத்தியோகம் வீண்போகவில்லை. “கிடைமட்ட நிலையில் முன்னேற்றம்” என்றார்.

சந்திரமதி அந்தத் தாளைப் பார்த்தாள். ஆசையில்லை என்று சொன்னால் பொய். தன் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல்லும் அவ்வளவு அழகாக இருந்தன. தோட்டத்துக் குளிரும் கொசுவும் நினைவுக்கு வந்தன. பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். பின்னால் கட்டிய கைகளோடு எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன சொன்னாலும் நம்புவார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால்கூட மறைத்துப் பார்க்கலாம். இது பிள்ளைகளின் கண்ணில் மண்ணைப் போடச் சொல்வது.

கைக்குட்டை இல்லாமல், வெறுங்கையால், உருண்டையை எடுத்தாள்.

“தொடாதீங்க டீச்சர்!” என்று மாணிக்கவாசகம் அலறினார்.

சீவிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, வளைந்த பக்கம் மேசையில் படும்படி வைத்தாள். இத்தனை நாளும் அதை அப்படி வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விரலால் லேசாகத் தட்டிவிட்டாள்.

உருண்டை வண்டிச் சக்கரம்போல நேராக உருண்டது. உத்தரவுத் தாளின்மேல் ஏறி இறங்கிற்று. திறந்த பேனாவைத் தள்ளிக்கொண்டு மேசை விளிம்புக்கு வந்து, சேதுபதியின் வலது கால் கட்டைவிரலில் இறங்கிற்று. ஒரு பெரிய அதிகாரி வாயிலிருந்து வரக்கூடாத ஒரு சத்தம் வந்தது.

“நல்லாப் பாத்துக்குங்க பிள்ளைங்களா” என்றாள் சந்திரமதி. குரல் கடைசி மூலைவரைக்கும் கேட்டது. “சீவினாலும் உருளும்.”

பிள்ளைகள் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்துத் தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே சேதுபதி அவளை நீக்கும் உத்தரவை எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. உருண்டை காலில் விழுந்தது என்று எழுத வேண்டும். எப்படி விழுந்தது? உருண்டு. ஆனால் அரசாங்க உருண்டை உருளாது. அவரே கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றிவரும் உத்தரவு அது. பிள்ளைகள் தவறான பதில் சொன்னார்கள் என்று எழுதலாமா? என்ன பதில் என்று எழுத வேண்டும், கோயில் வரும், கூம்பு வரும். வீங்கிய காலுக்கு மருத்துவ விடுப்புக் கேட்கப் போனால் அங்கேயும் காரணம் கேட்டார்கள். நிரந்தரமாக்கவோ மனம் வரவில்லை. கடைசியில் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. சந்திரமதியின் உத்தரவு, நிரந்தரமும் இல்லாமல் நீக்கமும் இல்லாமல், சேதுபதியின் இழுப்பறையில் கிடந்தது. அவள் தற்காலிகமாகவே நீடித்தாள். கூட இருந்தவர்கள் நிரந்தரமாகி லட்டு கொடுத்தபோது வாங்கித் தின்றாள். லட்டு இனித்தது, மற்றது வலித்தது.

ஆபீஸ் வேறு வகையில் நடவடிக்கை எடுத்தது. ஒரு பக்கம் சீவியது போதவில்லை என்று கண்டுபிடித்து, உருண்டைகளை எல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். எதிர்ப்பக்கம் சீவினார்கள். இடது பக்கமாக உருண்டது. அதையும் சீவினார்கள். வலது பக்கம் சீவினார்கள். முன்னும் பின்னும் சீவினார்கள். இனி எந்தப் பக்கம் வைத்தாலும் அசையாது என்று சேதுபதி தாமே காலைத் தள்ளிவைத்துச் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. அடுத்த ஜனவரியில் பெட்டி வந்தது. மூடியில் கிரீடத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். மாணிக்கவாசகம் இந்தத் தடவை தடுமாறாமல் பூட்டில் மாலையைப் போட்டார். “சுதந்திர மலாயாவின் முதல் உருண்டை!” என்று சேதுபதி முழங்கினார்.

அவர் கார் போனதும் சந்திரமதி பெட்டியைத் திறந்தாள். மாணிக்கவாசகம் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே உருளை இருந்தது, கூம்பு இருந்தது, கனசதுரம் இரண்டு இருந்தன. சின்னக் கனசதுரத்தின்மேல் ‘உருண்டை’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

புதுசாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “இது என்னா டீச்சர்?”

“ஆபீசுக்கு இது உருண்டை.”

“நமக்கு?”

வகுப்பின் பின்கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சந்திரமதி அந்தத் தேக்குக் கட்டையை எடுத்துப் போய்க் கதவுக்கு அண்டை கொடுத்தாள். அடித்து நொறுக்குகிற காற்றிலும் அது ஒரு நூல் நகரவில்லை. அந்த வேலைக்கு அதைப்போல் ஒன்று கிடைக்காது. திறந்து நின்ற கதவு வழியாகப் பிள்ளைகள் மணலுக்கு ஓடினார்கள். அங்கே இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்ட விஜயா பலகையைச் சாய்த்து வைத்து, பச்சைக் கோலியோடு காத்துக்கொண்டிருந்தாள்.